சேசிஸ் வளைந்துவிட்டது: பெண்ட் எடுக்கலாமா, மாற்றிவிடலாமா?

சோழவரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"அண்ணே, ஏரிப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் மாந்தோப்பு. சனி, ஞாயிறு குடும்பங்கள் வந்து பொழுதைக் கழிக்கிற மாதிரி சின்னதாக ஒரு இடம் நடத்துகிறோம். இரண்டு வருடம் முன்பு 250 சிசி குவாட் பைக் (நாலு சக்கர பைக்) ஒன்றைப் பழையதாக 1,40,000 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். தோப்பைச் சுற்றி ஒரு ரவுண்டுக்கு 150 ரூபாய். போன மாதம் ஒரு பையன் நேராகக் கொண்டுபோய் ஒரு பனங்கட்டையில் மோதிவிட்டான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியில் இடது முன்சக்கரம் பின்னால் தள்ளிப் போயிருக்கிறது. ஹேண்டிலை ஒடித்தால் டயர் ஃபுட்ரெஸ்டில் உரசுகிறது. நேராக ஓட்டவே ஹேண்டிலைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. செங்குன்றத்தில் ஒரு வெல்டர், 'கேஸ் அடித்துச் சூடுபண்ணி இழுத்துவிடலாம், ஒரு மணி நேர வேலை, 5,000 கொடுங்கள்' என்கிறார். வண்டியை வாங்கிக் கொடுத்த தரகர், 'சேசிஸ் போச்சு, 45,000-க்கு செகண்ட் ஹேண்ட் சேசிஸ் ஒன்று இருக்கிறது' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

தம்பி, உங்கள் கடிதத்தில் இரண்டு விலை இருக்கிறது, ஒரு அளவுகூட இல்லை. எந்த இடத்தில் வளைந்திருக்கிறது, எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று அந்த இரண்டு பேரில் யாராவது டேப் பிடித்துப் பார்த்தார்களா? பார்த்திருந்தால் எழுதியிருப்பீர்கள். வியாசர்பாடியில் 27 வருடமாகச் சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், சரிசெய்கிற வேலை பார்க்கிறேன். கண்ணால் பார்த்து நான் சொன்ன பதிலே பல தடவை தப்பாகப் போயிருக்கிறது. அதனால் இரண்டு பேர் சொன்னதையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

முதலில், வளைந்தது சேசிஸ்தானா என்பதே இன்னும் தெரியாது. குவாட் பைக்கின் முன்சக்கரத்தைச் சேசிஸோடு சேர்ப்பது ஏ-ஆர்ம். மேலே ஒன்று, கீழே ஒன்று. அடி வாங்கினால் முதலில் வளைய வேண்டியது அதுதான். அது வளைந்து சேசிஸைக் காப்பாற்றினால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதோடு ஹேண்டில் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற டை ராடு, சக்கரம் மாட்டியிருக்கிற நக்கிள், அதை ஏ-ஆர்மோடு சேர்க்கிற பால் ஜாயிண்ட் என்று வளைவதற்கும் உடைவதற்கும் வரிசையில் ஆள் நிற்கிறது. பழவேற்காடு பக்கத்திலிருந்து ஒருவர் சேசிஸ் போய்விட்டது என்று சோகமாக வண்டியை இறக்கினார். கழற்றிப் பார்த்தால் கீழ் ஏ-ஆர்ம் மட்டும் வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது, சேசிஸ் குண்டூசி அளவுகூட அசையவில்லை. மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.

அதற்கும் முன்னால் காற்றைப் பாருங்கள். குவாட் டயர் பலூன் மாதிரி. பெரும்பாலான வண்டிகளுக்கு 3 முதல் 5 பிஎஸ்ஐ போதும், சரியான அளவு வண்டியிலேயே ஸ்டிக்கரில் இருக்கும். பெட்ரோல் பங்க்கில் பைக் டயருக்கு அடிக்கிற மாதிரி அடித்தால் கல்லாகிவிடும். அங்கே இருக்கிற கேஜில் இவ்வளவு குறைந்த காற்று ஒழுங்காகத் தெரியவும் தெரியாது. இடது டயரில் 3, வலதில் 6 என்று இருந்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், ஹேண்டிலும் இழுக்கும். அதைப் பார்த்துச் சேசிஸ் மேல் பழி போடக் கூடாது. உங்கள் வண்டியில் சக்கரமே பின்னால் போயிருப்பதால் இது மட்டும் காரணமாக இருக்காது. இருந்தாலும் அளக்கும் முன் இரண்டு பக்கமும் ஒரே காற்று இருக்கட்டும்.

இனி அளவு. இதை நீங்களே செய்யலாம். ஒரு ஆள் துணை, ஒரு டேப், ஒரு தூக்குக்குண்டு, ஒரு சாக்பீஸ், மட்டமான சிமெண்ட் தரை. களத்துமேடு இருந்தால் அதுவே போதும். முன்சக்கரம் இரண்டையும், ஏ-ஆர்ம் நாலையும் கழற்றிவிடுங்கள். சேசிஸை அசையாத கட்டைகள் மேல் மட்டமாக நிறுத்துங்கள். பின்பக்கத்தில், பின்சக்கரங்களைத் தாங்குகிற ஸ்விங் ஆர்ம் மாட்டுகிற போல்ட் இருக்கிறதே, அதன் இரண்டு முனையும்தான் உங்கள் ஆதாரப் புள்ளி. முன்னால் மோதிய வண்டியில் அந்த இடம் நகர்ந்திருக்க வாய்ப்பு குறைவு. அங்கிருந்தும், முன்னால் ஏ-ஆர்ம் மாட்டுகிற ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். அப்புறம் வண்டியை மறந்துவிட்டு, தரையில் இருக்கிற புள்ளிகளை மட்டும் அளந்தால் போதும்.

இடது பின்புள்ளியிலிருந்து இடது முன்புள்ளி எவ்வளவு, வலதில் எவ்வளவு என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு குறுக்கே. இடது பின்னிலிருந்து வலது முன், வலது பின்னிலிருந்து இடது முன். கொத்தனார் அஸ்திவாரம் போடும்போது மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்ப்பாரே, அதே வேலைதான். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சேசிஸ் மூலைமட்டத்தில் நிற்கிறது. ஒன்று குறைந்தால் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று அந்த எண்ணே சொல்லிவிடும். அப்படியே ஒவ்வொரு ஓட்டையும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்றும் பாருங்கள். பனங்கட்டை அடி பெரும்பாலும் கீழிருந்து வரும். சட்டம் பின்னால் மட்டும் போகாது, மேலேயும் ஏறியிருக்கும்.

இதில் இன்னொரு சின்னச் சோதனை, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. கீழ் ஏ-ஆர்ம் மாட்டுகிற காதுகள், அதாவது சேசிஸில் ஒட்டிய ஓட்டை போட்ட தகடுகள், முன்னே ஒன்று, பின்னே ஒன்று இருக்கும். ஓட்டை அளவுக்குச் சரியாக நுழைகிற ஒரு நேரான பிரைட் ராடு (வழவழப்பான இரும்புக் கம்பி) வாங்கி இரண்டு காதிலும் ஒரே மூச்சில் செருகிப் பாருங்கள். மண்ணடிக் கடைகளில் வெட்டிக் கொடுப்பார்கள். வலது பக்கம் வழுக்கிக்கொண்டு போகிற ராடு, இடது பக்கம் முதல் காதில் நுழைந்து இரண்டாவது காதில் முட்டினால், காது திரும்பியிருக்கிறது. டேப் அளவு சரியாக இருந்தாலும் இப்படி இருக்கலாம். இதைக் கவனிக்காமல் போல்ட்டைச் சுத்தியால் தட்டி ஏற்றுகிறவர்கள் உண்டு. அப்படி ஏற்றிய வண்டியில், அந்த போல்ட் மேல் ஏ-ஆர்ம் அசைய உதவுகிற புஷ் இரண்டு மாதம்கூடத் தாங்காது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி உங்கள் ஊரோடு நெருக்கமானவர். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் தடம் வரும் வரை, மோட்டார் ரேஸ் எல்லாம் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. ரேஸுக்கு முந்தின ராத்திரி விழுந்து வளைந்த பைக் சேசிஸைப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நூல் பிடித்துப் பெண்ட் எடுத்த கதைகளை அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். "இழுக்கிறது இருபது நிமிஷம்டா, அளக்கிறதுதான் அரை நாள்" என்பார். ஒரு மணி நேர வேலை என்று செங்குன்றத்து வெல்டர் சொன்னதைப் படித்ததும் அவர் ஞாபகம்தான் வந்தது.

சரி, அளந்துவிட்டீர்கள். என் பட்டறைக் கணக்கு இது. இரண்டு பக்கத்துக்கும் 3 மி.மீ. வரை வித்தியாசம் வந்தால் நான் தொடுவதில்லை. புது வண்டியிலேயே அவ்வளவு இருக்கும், டை ராடில் சரிசெய்துகொள்ளலாம். அதற்கு மேலே 10, 15 மி.மீ. வரை, குழாய் மடங்காமல் வளைந்து மட்டும் இருந்தால், தாராளமாக இழுக்கலாம். அதையும் தாண்டினால் இழுப்பதைவிட அந்தத் துண்டை வெட்டி வேறு வைப்பதுதான் எனக்கு நிம்மதி.

வளைவும் மடிப்பும் ஒன்றல்ல. குழாய் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவுங்கள். வில் மாதிரி வழவழவென்று போனால் வளைவு. ஓர் இடத்தில் பள்ளமும் அதன் பக்கத்தில் மேடுமாகத் தட்டுப்பட்டால் மடிப்பு. மடிந்த குழாயை நிமிர்த்தினால் பார்வைக்கு நேராகிவிடும், ஆனால் அந்த இடத்தில் இரும்பு ஏற்கெனவே ஒருமுறை நசுங்கி நைந்திருக்கிறது. கட்டட வேலையில் கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் நாலு தடவை ஒடித்தால் துண்டாகிறதே, நீங்கள் இரண்டாவது ஒடிப்பில் இருக்கிறீர்கள். மூன்றாவது ஒடிப்பு அடுத்த பள்ளத்தில் நடக்கும், வண்டி மேல் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது.

இப்போது கேஸ் அடிக்கிற விஷயம். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன், காரணம் நானே சூடுபட்டிருக்கிறேன். பட்டறை ஆரம்பித்த புதிதில் ஒரு குவாட் வந்தது. உங்கள் வண்டி மாதிரியேதான், முன்னால் கீழ்க்குழாய் உள்ளே போயிருந்தது. கேஸ் அடித்து நன்றாகச் சிவக்கவிட்டு, ஜாக்கி வைத்துத் தள்ளினேன். வெண்ணெய் மாதிரி வந்தது. சீக்கிரம் ஆறட்டும் என்று ஒரு வாளித் தண்ணீரையும் ஊற்றினேன். பெயிண்ட் அடித்துக் கொடுத்தபோது புது வண்டி மாதிரி இருந்தது. நாலு மாதத்தில் திரும்பி வந்தது. நான் சூடாக்கிய இடம் அப்படியே இருந்தது, அதற்கு இரண்டு இன்ச் தள்ளிக் குழாய் வட்டமாக அறுந்திருந்தது. ஓட்டியவர் வேகமாகப் போகாததால் தப்பித்தார். காசைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் அதற்கப்புறம் வரவில்லை.

நடந்தது இதுதான். சேசிஸ் குழாயின் சுவர் கனம் பெரும்பாலும் 2 முதல் 3 மி.மீ.தான். அதைச் செஞ்சிவப்பாகக் காய்ச்சினால் அந்த இடம் மட்டும் களிமண் மாதிரி இளகும். நீங்கள் தள்ளுகிற தள்ளு வளைந்த இடத்துக்குப் போகாது, இளகின இடத்துக்குப் போகும். வெளியே நேராகத் தெரியும், உள்ளே குழாய் நெளிந்திருக்கும். சில வண்டிகளில் சாதா இரும்புக்குப் பதிலாகக் கூடுதல் பலமுள்ள குழாய் போட்டிருப்பார்கள். அந்தப் பலம் காய்ச்சினால் போய்விடும், திரும்ப வராது. தண்ணீர் ஊற்றினால் ஒரு பக்கம் மென்மை, ஒரு பக்கம் நொறுங்குகிற கடினம் என்று இரண்டும் சேரும் எல்லையில்தான் விரிசல் பிறக்கும். அதனால் அந்த 5,000 ரூபாய் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அந்த வேலை சரி.

பச்சையாக, அதாவது காய்ச்சாமல் இழுப்பதுதான் முறை. சேசிஸின் பின்பாதியைக் கனமான ஐ-பீம் மேல் போல்ட் போட்டு அசையாமல் கட்டுவோம். அடி எந்தத் திசையில் வந்ததோ அதற்கு நேர் எதிரே சங்கிலி போட்டு 10 டன் ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்போம். சங்கிலி குழாயை நசுக்காமல் இருக்க, குழாய் அளவுக்குக் குடைந்த மரக்கட்டை ஒன்றை இடையில் வைப்போம். இரும்புக்கு ஞாபகசக்தி உண்டு. விட்டால் கொஞ்ச தூரம் திரும்பப் போகும். அதனால் இழு, விடு, அள. மறுபடி இழு, விடு, அள. வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு மூன்று மி.மீ. இழுத்தால்தான் விடும்போது சரியான இடத்தில் நிற்கும். உங்கள் வண்டியில் முதலில் முன்னோக்கி இழுத்து, பிறகு கீழே இறக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு தடவை வளைந்த குழாயை ஒரு தடவைதான் இப்படி நிமிர்த்தலாம். ஏற்கெனவே யாராவது நிமிர்த்தின அடையாளம் இருந்தால் வெட்டுதான்.

வெட்டி ஒட்டுவதிலும் யோக்கியமான முறை ஒன்று இருக்கிறது. குழாயை நேராக வட்டமாக வெட்டி முட்டுக்கு முட்டு ஒட்டக் கூடாது, அந்த வட்டத்திலேயே ஒடியும். சாய்வாக வெட்ட வேண்டும். உள்ளே இறுக்கமாக நுழைகிற இன்னொரு குழாய்த் துண்டைச் செருகி, இரண்டு முனைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு, உள் குழாயும் சேர்ந்து உருகுகிற மாதிரி சிஓடூ வெல்டிங் செய்ய வேண்டும். பக்கவாட்டில் இரண்டு மூன்று ஓட்டை போட்டு அதன் வழியாகவும் உள் குழாயைப் பிடித்துவிட வேண்டும். குழாய் எங்கே வாங்குவது என்பதும் முக்கியம். தண்ணீர் போகிற ஜிஐ பைப், கேட் பைப் எல்லாம் இதற்கு ஆகாது. சிடிடபிள்யூ டியூப் (ஒட்டிய குழாயைக் காய்ச்சாமல் இழுத்து அளவுக்குக் கொண்டுவந்தது) என்று கேட்டு, வெர்னியரில் கனத்தை அளந்து வாங்குங்கள். பக்கத்தில் ஆவடியில் வண்டிகளுக்கென்றே அந்த டியூப் தயாராகிறது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு கேட் பைப்பில் சேசிஸ் ஒட்டுவது எங்கள் தொழிலுக்கே அவமானம்.

வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றினாரா, இன்ஜினுக்குப் பொறி கொடுக்கிற சிடிஐ பெட்டியின் கனெக்டரைப் பிடுங்கினாரா, டேங்க்கை இறக்கினாரா, எர்த் கிளாம்பை ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினாரா என்று நின்று பாருங்கள். எர்த்தைப் பின்சக்கரத்தில் மாட்டிவிட்டு முன்னால் ஒட்டினால் கரண்ட் பேரிங் வழியாக ஓடும். பேரிங் பிறகு கரகரக்கும், காரணம் யாருக்கும் புரியாது.

இரண்டு விஷயம் இன்னும் பார்க்க வேண்டும். ஒன்று விரிசல். காது குழாயோடு சேருகிற இடத்தில் பெயிண்ட் மயிரிழையாக வெடித்து, கோடு மாதிரி துரு தெரிந்தால் சந்தேகம். பெயிண்டைச் சுரண்டிவிட்டு டிபி டெஸ்ட் செய்தால் உண்மை தெரிந்துவிடும். சிவப்பு மருந்தை அடித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கிளீனரால் துடைத்துவிட்டு, வெள்ளை மருந்து அடித்தால் விரிசல் இருக்கிற இடத்தில் சிவப்பு கசிந்து வெளியே வரும். மூன்று ஸ்ப்ரே டப்பா, அவ்வளவுதான் கருவி. மணலி, எண்ணூர் ஆலைகளுக்கு வெல்டிங் வேலை செய்கிற எந்தப் பட்டறையிலும் இது கிடைக்கும்.

இன்னொன்று துரு. நம் பக்கம் உப்புக்காற்று ஒரு பகை என்றால், 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம் இன்னொரு பகை. நீங்கள் பழையதாக வாங்கிய வண்டி அந்த டிசம்பரில் எங்கே நின்றது என்று தரகரிடம் கேட்டீர்களா? தண்ணீரில் நின்ற வண்டியில் குழாய்க்குள் நீர் இறங்கித் தங்கி, உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். கீழ்க்குழாய் நெடுகச் சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்றால் நல்லது. எங்கேயாவது சத்தம் மட்கினால் அங்கே திருப்புளியை அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் பெண்ட் பற்றிய பேச்சே வேண்டாம், சேசிஸ் மாற்றுங்கள்.

மாற்ற வேண்டிய வேறு சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. ஸ்டீயரிங் தண்டு நிற்கிற இடம் திரும்பியிருந்தால் நான் கைவைப்பதில்லை. இரண்டு பக்கக் காதுகளும் கிழிந்திருந்தாலும், ஒட்டு மேல் ஒட்டாகப் பழைய வெல்டிங் இருந்தாலும் அதேதான். சேசிஸில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அது அலுமினியம். அதைச் சாதாப் பட்டறையில் நிமிர்த்தவோ ஒட்டவோ கொடுக்காதீர்கள். உங்கள் 250 சிசி-யில் அநேகமாக ஒட்டும்.

தரகர் சொல்கிற 45,000 ரூபாய் சேசிஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை வாங்கி வந்தால் வேலை முடிந்துவிடாது, ஆரம்பிக்கும். இன்ஜின், வயரிங், பிரேக் லைன், பின் ஆக்ஸில் எல்லாம் இறக்கி ஏற்ற இரண்டு மூன்று நாள் கூலி இருக்கிறது, புது புஷ், போல்ட் செலவும் இருக்கிறது. அந்தச் சேசிஸும் வேறொரு விபத்தில் பிறந்ததுதானே? புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் வாங்கினாலும் தரகர் வீட்டில் வாங்கினாலும், மேலே சொன்ன டேப், தூக்குக்குண்டு, ராடு மூன்றையும் எடுத்துக்கொண்டு போய் அங்கேயே அளந்துவிட்டுப் பணம் கொடுங்கள். சேசிஸ் நம்பர் அரம் படாமல் இருக்கிறதா என்று பார்த்து, அந்த நம்பர் எழுதிய பில்லும் வாங்குங்கள். உங்கள் வண்டிக்கு ஆர்சி கிடையாது, நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட உங்களிடம் அந்த ஒரு காகிதம்தான் இருக்கும். தோப்புக்குள் மட்டும் ஓட்டுகிற வரைதான் இந்த ஏற்பாடும். டீக்கடை வரைக்கும் என்று ஜிஎன்டி ரோட்டில் ஏற்றிவிடாதீர்கள்.

நீங்கள் எழுதியதை வைத்து என் ஊகம்: இடது கீழ் ஏ-ஆர்ம் நிச்சயம் போயிருக்கும், அதன் முன்காது பின்னால் தள்ளியிருக்கும், சேசிஸைக் காப்பாற்றிவிடலாம். ஏ-ஆர்ம், பால் ஜாயிண்ட், பச்சை இழுப்பு எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய்க்குப் பக்கத்தில் முடியலாம். டேப் வேறு மாதிரி சொன்னால் நானும் வேறு மாதிரி சொல்வேன்.

சொந்தமாக ஓட்டுகிற வண்டி என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருப்பேன். நீங்கள் காசு வாங்கிக்கொண்டு ஊரார் பிள்ளைகளை ஏற்றுகிறீர்கள், அதனால் சந்தேகம் வந்தால் மாற்றுகிற பக்கமே நில்லுங்கள். சரிசெய்த பிறகு முதல் இரண்டு வாரம் நீங்களே ஓட்டுங்கள், ஒவ்வொரு நாள் சாயங்காலமும் ஒட்டின இடத்தைத் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்துகிற ஆக்ஸிலேட்டர் பெட்டியில் பெரும்பாலும் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். அதை உள்ளே திருகினால் வண்டி ஓரளவுக்கு மேல் வேகம் எடுக்காது. அது இத்தனை நாள் முழுக்க வெளியே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அளவுகளை எடுத்து, மடிந்த இடத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். இங்கேயே கொண்டுவருவதானால் குட்டி யானையில் ஏற்றி, திங்கட்கிழமை தவிர எந்த நாளும் காலையில் வாருங்கள். அப்புறம் ஒன்று கேட்க வேண்டும். கடிதம் முழுக்கத் தேடினேன், அந்தப் பனங்கட்டையைத் தோண்டி எடுத்ததாக ஒரு வார்த்தை இல்லையே. இன்னும் அங்கேயேதான் நிற்கிறதா?